அம்மா கொடுக்க மறுத்த அடி

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அம்மாவின் ஒரே மகளின் வணக்கம்.

சென்ற ஆண்டு அம்மாவை அடக்கம் செய்த மாலையில் கல்லறைத் தோட்டத்தில் உறவினர் பலர் பேசினார்கள். அம்மா பொறுமையின் வடிவம் என்றார்கள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார்கள். "அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத தங்கச்சி" என்று பெரிய மாமா பேசியபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெட்டி இன்னும் குழிக்குள் இறங்கவில்லை என்பதால் நான் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குக் காது கேட்டிருந்தால் மூக்கு வழியாக ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை வாங்கியவர்கள் இந்த மலரைப் பெறுகிறவர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

ஆகவே, நடந்ததை எழுதி வைக்கிறேன். அம்மா பொறுமைசாலி அல்லர். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களிடம் அவர்களுக்கு எல்லையற்ற பொறுமை இருந்தது. மற்றவர்களை, அதாவது நம்மை, சகித்துக்கொண்டார்கள். அதையும் ஓரளவுக்குத்தான்.

அம்மா பிறந்தது மணப்பாட்டில். தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு கடைசியாகப் பிறந்த பெண் அம்மா. குடும்பம் தூத்துக்குடிக்குக் குடிவந்தபின் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார்கள். படிப்பில் கெட்டி என்பதால் கன்னியர்களே முயற்சி எடுத்து, சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மாண்டிசோரி பயிற்சிக்காக அம்மாவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்தப் பயிற்சியைப் பற்றி நம் குடும்பத்தின் கருத்தைப் பெரிய மாமா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "மணி கோக்கதுக்குப் படிக்க மெட்ராசுக்குப் போயிருக்கா." அவர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவர். படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் பேசியவரும் அவர்தான்.

அப்பா மறைந்தபோது அவருக்கும் ஒரு மலர் வெளியிட்டோம். அதில் அவரைப் பற்றி நல்ல விதமாக எழுதியிருக்கிறது. எனவே இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா கப்பலில் இருந்தார்.

எழுபதுகளின் நடுவில், புதிய துறைமுகம் வேலை தொடங்கி, வெளியூர்களிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பள்ளி தேவைப்பட்டது. கப்பல் ஏஜென்சி நடத்திய ஒரு செல்வந்தரின் மனைவி, தம் பழைய பங்களாவின் முன்பக்க அறைகளை ஒதுக்கி அதைத் தொடங்கினார். பள்ளியின் செயலாளரும் அவரே. சென்னையில் ஏதோ ஒரு பள்ளியில் பார்த்துவிட்டு, மாண்டிசோரி சாமான்கள் அனைத்தையும் பெட்டி பெட்டியாக வாங்கிவந்திருந்தார். அவற்றைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்தார். விருந்தாளிகள் வந்தால் பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து ஏ பி சி டி சொன்னார்கள். வாசல் பலகையில் மாண்டிசோரி என்று எழுதியிருந்தது. மேசைமேல் பிரம்பு இருந்தது. இரண்டுக்கும் உள்ள முரண்பாடு அந்த அம்மையாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அம்மா வேலையில் சேர்ந்த முதல் நாளே அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். சாமான்களை எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான பலகைகளில் அடுக்கினார்கள். பெஞ்சுகளை வராந்தாவுக்கு மாற்றிவிட்டுத் தரையில் பாய் விரித்தார்கள். பிரம்பைப் பள்ளி ஆயா லூர்தம்மாளிடம் கொடுத்து, ஒட்டடைக் கம்பு எட்டாத இடத்துக்கு அதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

பிறகு அந்த அறையில் நடந்ததை நம் உறவினர்கள் யாரும் வந்து பார்த்ததில்லை. பிள்ளைகள் ரோஸ் நிறக் கட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி எழுதக் கற்றார்கள். சின்னக் கூஜாவிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினார்கள். சிந்தினால் அவர்களே துடைத்தார்கள். அம்மா யாரையும் புகழவும் இல்லை, அதட்டவும் இல்லை. ஒரு பிள்ளை தன் வேலையில் மூழ்கியிருந்தால் அதைச் சுற்றிப் போவார்களே தவிரக் குறுக்கே நடக்க மாட்டார்கள். பெரியவர்கள் உள்ளே வந்து உரக்கப் பேசினால் மட்டும் முகம் மாறும்.

ஒரு தகப்பனார் வந்து, "என்ன டீச்சர், பிள்ள தண்ணி ஊத்துதான், பட்டன் போடுதான். எப்ப பாடம் படிப்பான்?" என்று கேட்டார்.

"அவன் பட்டன அவனே போட்டுப் பழகட்டும். பெரியவனானா அதுக்கும் பெஞ்சாதியக் கூப்பிட மாட்டான்" என்றார்கள் அம்மா. அவர் பிறகு வரவில்லை. பிள்ளை வந்தான்.

அப்போது எனக்கு நான்கு வயது நிரம்பவில்லை. அப்பா கப்பலில் இருந்தார் என்று முன்பே சொன்னேன். என்னைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பெரிய மாமா வீட்டில் கேட்டார்கள் அம்மா. வேலையை விட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. வேலையை விட்டபிறகு பார்த்துக்கொள்ள ஆள் எதற்கு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "சொந்தப் பிள்ளைய விட்டுட்டு அடுத்தவன் பிள்ளைக்கு மூக்குத் தொடைக்கப் போறா" என்று மாமாவின் மனைவியான அத்தை தெருவெல்லாம் சொன்னார். அம்மா என்னையும் கையோடு கூட்டிப்போய்த் தம் வகுப்பிலேயே ஒரு பாயில் உட்கார வைத்தார்கள். செயலாளர் அம்மையார் அதைப் பெரிய மனதோடு அனுமதித்தார். அனுமதித்ததை வாரம் ஒருமுறை நினைவூட்டவும் செய்தார்.

கேட் வரைக்கும் அவர்கள் எனக்கு அம்மா. கேட்டுக்கு உள்ளே போனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் டீச்சர். நான் அழுதால் உடனே தூக்க மாட்டார்கள். கையில் பிடித்த வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு மூலையில் ஈரத்துணியோடு படுத்திருப்பேன். அம்மா வேறொரு பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தைத் தடவச் சொல்லிக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார்கள். நான் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அந்த நேரத்தில் என்னோடு பேசக்கூட அவர்களுக்குத் தெம்பு இருக்காது. என் முதுகில் கையை மட்டும் வைத்திருப்பார்கள். பிறகு எழுந்து உலை வைப்பார்கள். எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாமல் இருந்த அந்த வருடங்களைத்தான், "குடும்பமே தாங்கிப் பிடித்தது" என்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் சொன்னார்.

நான் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. செயலாளர் அம்மையாரின் மகன்வழிப் பேரன் ரவி என்னைவிடச் சில மாதம் மூத்தவன். ஒருநாள் காலையில் அவன் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று ராகம் போட்டான். நான் போய் அவன் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். ரத்தம் வந்தது என்று லூர்தம்மாள் பின்னாளில் எனக்குச் சொன்னார்.

அம்மா முதலில் அவனைத் தூக்கிச் சமாதானப்படுத்தினார்கள். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போய், என் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் கடிச்சே?"

"அவன் உங்கள அம்மாங்கான்."

"கூப்பிடட்டும். அவன் கூப்பிட்டா உனக்குக் கொறஞ்சிராது. கடிக்கக் கூடாது, அவனுக்கு வலிக்கும். கோவம் வந்தா எங்கிட்ட வா."

அவன் கையைக் கழுவ என்னையே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கூஜாவில் கொண்டுவந்து ஊற்றினேன். அவனுக்கு அந்தக் கூஜாவின் மேல் ஆசை. அழுகையை நிறுத்திவிட்டு, "நானும் ஊத்துதேன்" என்றான். கொஞ்ச நேரத்தில் இருவரும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பார் லூர்தம்மாள். பிள்ளைகளைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

பெரியவர்கள் அன்று பிற்பகல்தான் தொடங்கினார்கள். செயலாளர் அம்மையார் பேரன் கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் காரில் வந்து இறங்கினார். பிள்ளைகள் போயிருந்தார்கள். அம்மா சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், உங்க பிள்ளையா இருக்கப்போயி சும்மா விட்டுட்டீங்க. வேற பிள்ளையா இருந்தா விடுவீங்களா?"

"வேற பிள்ளையா இருந்தாலும் இதான் செஞ்சிருப்பேன்."

"அது எனக்குத் தெரியாதுல்லா. நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களுக்கும் முன்னால நீங்களே அவளுக்கு ரெண்டு அடி போடணும். அப்பத்தான் டீச்சர் பாரபட்சம் பாக்கலைன்னு தெரியும். இல்லைன்னா வேலைக்கு வர வேண்டாம்."

"இந்த ரூம்ல நான் ஒரு பிள்ளையையும் அடிச்சதில்ல. எம் பிள்ளைங்கிறதுக்காக அவள மட்டும் அடிக்க முடியாது" என்றார்கள் அம்மா. இதைவிடப் பாரபட்சமற்ற ஒரு வாதத்தை எந்த வக்கீலும் சொல்லியிருக்க முடியாது. அந்த அம்மையாருக்கு அதில் கேட்டது திமிர் மட்டுமே.

செய்தி மாலைக்குள் பெரிய மாமாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் விடும் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்தத் தொழில் பெரும்பாலும் அம்மையாரின் கணவருடைய ஏஜென்சியை நம்பி நடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வழி தெரியாதவர், அன்று அத்தையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏளா, நாலு வயசுப் பிள்ளைக்கி ஒரு அடி போட்டா என்ன? செத்தா போவும்? நான் எம் பிள்ளைங்கள எத்தன போட்டிருப்பேன்."

"அதான் தெரியுதே" என்றார்கள் அம்மா.

"என்ன தெரியுது?"

"அவங்க உங்களக் கண்டா கொல்லைப் பக்கம் ஓடுதது."

அத்தை நடுவில் புகுந்தார். "ஏளா, ஒரு நிமிசத்துக் காரியம். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு போடு. இவருக்கு ஏஜென்சியில எவ்வளவு சங்கடம் தெரியுமா?"

"அண்ணனுக்குச் சங்கடம்னா அண்ணன அந்த அம்மா அடிக்கட்டும்."

பெரிய மாமா எழுந்து போகும்போது, "மணி கோக்கப் படிச்ச திமிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கெட்டிக்கார மனிதர் பத்து ஆண்டுகளில் இரண்டாவதாக ஒரு கேலியைக் கண்டுபிடித்திருப்பார்.

மறுநாள் அம்மா வழக்கம்போல் என்னைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். வேலையில்லை என்று சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பலாம் என்று நினைத்திருந்தார்களாம். பிள்ளைகள் எல்லாரும் பாயில் உட்கார்ந்த பிறகு செயலாளர் அம்மையார் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், வெள்ளை வேட்டி சட்டையில், பெரிய மாமா வந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கூப்பிடாமலே வந்திருக்கக்கூடியவர்தான்.

அம்மையார் உரத்த குரலில், "என்ன டீச்சர், முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

"நேத்தே சொல்லிட்டேனே. மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க வேலையா இருக்காங்க."

பெரிய மாமா அறையின் குறுக்கே நடந்துவந்து, பாயில் மணி எண்ணிக்கொண்டிருந்த என்னை ஒரு கையால் தூக்கி நிறுத்தி, மறு கையால் கன்னத்தில் அறைந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய கை. நான் மணிகளின் மேல் விழுந்தேன்.

"இந்தா, அடிச்சாச்சி. நம்ம வீட்டுப் பிள்ளைய நம்மளே அடிச்சாச்சி. முடிஞ்சிதுல்லா அம்மா?" என்று அவர் செயலாளர் அம்மையாரைப் பார்த்துக் கேட்டார்.

அம்மையாருக்கும் திருப்தி. "சரி, சரி. நீங்க வகுப்ப நடத்துங்க டீச்சர்" என்றார்.

அம்மா வந்ததிலிருந்து அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் அடிவாங்கியதில்லை. எல்லாரும் அழத் தொடங்கினார்கள். என்னைவிட அதிகமாக அழுதவன் ரவி. யாருக்காக அந்த அடி விழுந்ததோ, அவன் கட்டுப்போட்ட கையால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டான் என்று லூர்தம்மாள் சொல்வார்.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தார்கள்.

"வெளிய போங்கண்ணே."

"உனக்காகத்தாம்ளா செஞ்சேன். ஒன் வேலை நிக்கணும்னுதான்."

"வெளிய போங்க. இது பிள்ளைங்க இருக்க எடம்."

இருவரும் போன பிறகு அம்மா கதவைச் சாத்தினார்கள். அப்படியே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். போகவில்லை. பயந்துபோயிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். என்னை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அந்த அறைக்குள் அவர்கள் என்னைத் தூக்கி வைத்திருந்தது அன்று ஒருநாள்தான். மதியம் கடைசிப் பிள்ளையையும் அதன் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, அலமாரிச் சாவியை லூர்தம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். மறுநாள் அம்மையார் ஆள் அனுப்பினார். மூன்றாம் நாளும் அனுப்பினார். அடி விழுந்தபிறகும் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையாம்.

அதன்பின் பல மாதங்கள் அம்மா பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்தார்கள். வந்து மன்னிப்புக் கேட்பாள் என்று பெரிய மாமா வீட்டில் காத்திருந்தார்கள். அப்பா விடுப்பில் வந்தார். நடந்ததைக் கேட்டார். விசாரித்துவிட்டு வருகிறேன் என்று மாமா வீட்டுக்குப் போனவர், சீலா மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, "உங்க அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காரு" என்றார். பிறகு கப்பலுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் மதியம் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. ரவியின் தாயார் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். மாமியார் உறங்கும் நேரம் பார்த்து வந்திருந்தார்.

"டீச்சர், இவன் அந்த வகுப்புக்குள்ள காலு வைக்க மாட்டேங்கான். புதுசா வந்த வாத்தியாரு பிரம்பு வச்சிருக்காரு. இவன் ராத்திரி படுக்கையில மோண்டுருதான். உங்ககிட்டத்தான் போவணும்னு ஒரே அழுக. உங்க மகளையும் கேக்கான்."

"உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்ன செய்வாங்களோ."

"தெரியட்டும். நீங்க பயப்படாம காலையில கொண்டாந்து விடுங்க" என்றார்கள் அம்மா.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ரவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வாடகை வீட்டின் முன்னறையில், கடித்தவளையும் கடிபட்டவனையும் வைத்துக்கொண்டு அம்மா தம் பள்ளியைத் தொடங்கினார்கள். சாமான்கள் இல்லை. தச்சரிடம் சொல்லிக் கட்டைகள் செய்தார்கள். உப்புத்தாளை வாங்கித் தாமே எழுத்துகள் வெட்டினார்கள். ரவியின் தாயார் வீட்டில் என்ன பட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் அவனைக் கொண்டுவந்து விடத் தவறவில்லை. துறைமுகக் குடியிருப்பிலிருந்து வேறு தாய்மார்களும் வந்தார்கள். லூர்தம்மாளும் பங்களா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அங்கே பெயர்ப்பலகை நெடுநாள் தொங்கியது. உள்ளே பிள்ளைகள்தான் இல்லை.

முழங்கால் மடங்கித் தரையில் உட்கார முடியாமல் போகும்வரை அம்மா வகுப்பெடுத்தார்கள். பெரிய மாமாவின் வீட்டுத் திருமணங்களுக்குப் போனார்கள், துக்கங்களுக்குப் போனார்கள், மழை பெய்ததா என்று கேட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் பேசியதில்லை. பிற்காலத்தில் அவரே தம் பேரனை அம்மாவின் பள்ளியில் சேர்க்கக் கூட்டி வந்தார். மணி கோக்கும் படிப்புக்குத்தான். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டுலயே நில்லுங்க" என்றார்கள். அந்தப் பேரன் படித்து முடிக்கும்வரை மாமா கேட்டிலேயே நின்றார்.

கடைசி நாட்களில் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது அவர் பார்க்க வந்தார். "யாரு வந்திருக்கேன் தெரியுதா? அண்ணன் வந்திருக்கேன்" என்றார். அம்மா கண்ணைத் திறந்து அவரை நன்றாகப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். வெளியே வந்து, "பாவம், ஞாபகம் தப்பிட்டு" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். அதன்பிறகு அரைமணி நேரம் அம்மா என்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமிக்கு ஊசி போடும்போது கையை அழுத்திப் பிடிக்க வேண்டாம், முதலில் ஊசியை அவளிடம் காட்டுங்கள் என்று செவிலியரிடம் சொல்லச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், என் கையைப் பிடித்தபடி இறந்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்ட லூர்தம்மாளின் மகளுக்கு நன்றி. அந்தச் சிறுமிக்கு ஊசியைக் காட்டிய செவிலியருக்கு நன்றி. தள்ளாத வயதிலும் வாரந்தோறும் வந்து அம்மாவோடு உட்கார்ந்து செபமாலை சொன்ன ரவியின் தாயாருக்கு என் வணக்கம். மஸ்கட்டிலிருந்து உடனே புறப்பட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த ரவிக்கு நன்றி. அடக்கத்தன்று தாமாகவே வந்து வாசலில் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்ற பழைய மாணவர்கள் அனைவருக்கும் நன்றி.

இப்படிப்பட்ட மலர்களில், பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். நான் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் யோசித்துத்தான் விட்டிருக்கிறேன்.